ரஞ்சன்குடியில் இரைந்தது வியாழனா, மோட்டாரா?

ரஞ்சன்குடிக்கு எப்படிப் போவது என்று பலர் கேட்டு எழுதுகிறீர்கள். எல்லாரும் கோட்டை பார்க்கத்தான் போகிறீர்கள். நான் எண்பத்து மூன்றாம் வருஷம் மாசி மாதம் போனது வியாழன் கிரகத்தை ரேடியோவில் கேட்க. சிரிக்காதீர்கள், அப்போது எனக்கு வேலையே அதுதான். வியாழனின் காந்த மண்டலத்தில் சிக்கிய எலக்ட்ரான்கள் கூட்டம் கூட்டமாகப் பாயும்போது சிற்றலை ரேடியோவில் கடலலை மாதிரி இரைச்சல் வந்து வந்து போகும். திருச்சியில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது அதைப் பதிவு செய்து பேராசிரியரிடம் கொடுத்தேன். அவர் கேட்டுவிட்டு, "இது எந்தக் கிணத்து மோட்டார்ப்பா?" என்றார். சந்தேகத்துக்கு இடமில்லாத பதிவு ஒன்று பங்குனிக்குள் வேண்டும், இல்லையென்றால் உதவித்தொகை கட், ஆராய்ச்சியும் அதோடு சரி.

திருச்சியிலிருந்து பெரம்பலூர் ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். அங்கிருந்து வடக்கே இன்னும் பதினேழு. ரேடியோவுக்காக நான் தூக்கி வந்த கார் பேட்டரியைக் கண்டக்டர் முறைத்து, "வெடிக்குமா சார்?" என்று கேட்டுவிட்டு, லக்கேஜுக்கு ஒண்ணரை ரூபாய் கறந்தார்.

கோட்டைக்குக் கீழே ஒரு சின்ன வெங்காயக் கொல்லை. அதன் ஓரமாக இரண்டு மூங்கில் நட்டு ஏரியல் கம்பி கட்டினேன். கொல்லைக்காரர் பெரியசாமி தூரத்திலிருந்தே பார்த்தார், கிட்ட வரவில்லை. மறுநாள் விடியற்காலை நாலு மணிக்கு இரைச்சல் வந்துவிட்டது. ஐயோ, என்ன சந்தோஷம்! ஹெட்ஃபோனைக் கழற்றினால் கிணற்றடியில் மோட்டார் ஓடுகிற சத்தம். மோட்டாரின் தீப்பொறியும் ரேடியோவில் இரைச்சலாகத்தான் விழும். அப்படியானால் நான் கேட்டது எது?

விடிந்ததும் போய், "மோட்டார் எத்தனை மணிக்குப் போட்டீங்க?" என்று கேட்டேன்.

"மோட்டாரா? கரண்டே இல்லிங்களே சார்," என்றார் பெரியசாமி. அவர் காலடி வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப இந்தத் தண்ணி?"

"மாடு பூட்டி எறைச்சதுங்க," என்றார் அவர் மனைவி செல்லம்மாள். சுற்றும் முற்றும் பார்த்தேன். மாடே இல்லை.

தலையைத் தூக்கினால் விஷயம் தெரிந்தது: கம்பத்திலிருந்து வரும் கம்பி வெட்டிக் கிடந்தது, பக்கத்தில் ஒரு கொக்கி தொங்கியது. கட்டணத் தகராறில் கரண்ட் ஆபீஸ்காரர்கள் இணைப்பைத் துண்டித்திருந்தார்கள். இவர்கள் ராத்திரியில் மின்கம்பியில் கொக்கி மாட்டி மோட்டார் ஓட்டுகிறார்கள். காதில் கருவி மாட்டிக்கொண்டு திரிகிற நான் அவர்களுக்குக் கரண்ட் ஆபீஸ் ஆள். "நான் வியாழனைக் கேக்க வந்தவன்," என்றேன். "குருவையா? சோசியம் பாக்க எதுக்கு சார் பேட்டரி?" என்றார் பெரியசாமி.

எனக்கு ஒரே ஒரு வழி இருந்தது. வியாழன் தன்னைத்தானே சுற்றப் பத்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. கணக்குப்படி, ஐந்து சுற்று முடிந்து அதே இரைச்சல் இரண்டு நாள் கழித்து ஒன்றரை மணி நேரம் தள்ளி வர வேண்டும். மோட்டார் அப்படித் தள்ளுமா? தள்ளியது! என்னைக் கண்டு பயந்துபோன மனிதர், அதற்குள் நான் தூங்கிவிடுவேன் என்று நினைத்து மோட்டாரையும் ஐந்தரைக்கு மாற்றிவிட்டார். இரண்டு சத்தமும் ஒன்றாகவே வந்தன.

ஆத்திரத்தில் கிணற்றடிக்கு ஓடினேன். "உங்க கொக்கி எனக்கு வேண்டாங்க! ரெண்டு நிமிஷம் மோட்டாரை நிறுத்துங்க, போதும்!"

"ஓடாத மோட்டார எப்புடி சார் நிறுத்துறது?" என்று அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தினார்.

செல்லம்மாள் குறுக்கே வந்தார். "மொதல்ல அந்தப் பொட்டியில என்ன கேக்குதுன்னு நான் பாக்கணும். நீங்க யாருன்னு கார்டு கீர்டு இருந்தா குடுங்க." என் கல்லூரி அடையாள அட்டையை வாங்கி மடியில் செருகிக்கொண்டார். என்னோடு வந்து ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார். "கரகரங்குது. அதுக்குள்ள உஸ்ஸு உஸ்ஸுன்னு இன்னொண்ணு." பிறகு கிணற்றைப் பார்த்து, "ஏங்க, நிறுத்துங்க!" என்றார்.

மோட்டார் நின்றது. செல்லம்மாள் ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டார். டேப் ஓடிக்கொண்டிருந்தது.

"கரகரப்பு நின்னுடிச்சு. அந்த உஸ்ஸு நிக்கலிங்க சார். அது பாட்டுக்கு வந்து வந்து போவுது."

அவர் அட்டையைத் திருப்பித் தரும்போது சொன்னார்: "எங்க பேரு எங்கயும் வரக்கூடாது சார். இந்த வெங்காயத்தை நம்பித்தான் வூடே இருக்கு." வராது என்று வாக்குக் கொடுத்தேன். இங்கேயும் பெயர்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

போகிறவர்களுக்கு: எல்லா பஸ்ஸும் அங்கே நிற்காது, ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். காலையிலேயே கோட்டை ஏறிவிடுங்கள், பகலில் பாறை சுடும். தண்ணீர் கையோடு எடுத்துப் போங்கள். அடுத்தவர் கொல்லைப் பக்கம் ஏதாவது கருவியை வைப்பதானால், முதலில் போய் நீங்கள் யார் என்று சொல்லிவிடுங்கள். நான் அதைச் செய்யாமல்தான் மூன்று நாள் அவஸ்தைப்பட்டேன்.

பதிவு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பேராசிரியர் முழுதும் கேட்டார். நடுவில் கரகரப்பு அறுந்து போன இடத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டார். "மோட்டாரை நிறுத்தினார்கள் என்பதற்கு என்ன சாட்சி? மோட்டார்க்காரர் பெயர், ஊர் போட்டுக் கையெழுத்து வாங்கி வா, ஒத்துக்கொள்கிறேன்," என்றார்.

கையெழுத்து கிடைக்காது என்றேன்.

"அப்படியானால் இது மொத்தமும் மோட்டார்தான்."

அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு, "மோட்டாராகவே இருக்கட்டும் சார்," என்று சொல்லிவிட்டு டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.