செஞ்சியில் ஒரு கோ-பிரதர்

காலை ஆறரைக்குச் சென்னையில் பஸ் ஏறி, திண்டிவனத்தில் மாறி, பத்தரைக்குச் செஞ்சியில் இறங்கினேன். நம் ஊர்களில் பேசும் ஆங்கிலத்துக்கு, ஒலிப்பதிவுகளோடு ஓர் அகராதி தயாராகிறது. அதில் எனக்குத் தந்த சொல் ‘கோ-பிரதர்’. மனைவியின் சகோதரியை மணந்தவர், சகலை. இங்கிலாந்தில் இந்தச் சொல் யாருக்கும் புரியாது. அதை இயல்பாகச் சொல்லும் ஒரு குரல் எனக்கு வேண்டும். வெளிநாட்டவர் வரும் ஊர் என்பதால் செஞ்சி.

கோட்டைக்கு ஆட்டோ எண்பது ரூபாய். “சர்வே ஆபீஸா சார்?” என்று கேட்ட ஓட்டுநர், இல்லை என்று சொல்லியும் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கோட்டை வாசலில் தேவராஜ் என்ற வழிகாட்டி, எதிரே இருந்த இளநீர்க் கடையைக் காட்டி இரண்டு வெள்ளைக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “தட் ஷாப், டோன்ட் பை. ஹீ இஸ் மை கோ-பிரதர். ஐ நோ.”

அவர்கள் போனதும் அருகில் சென்று, போனில் பதிவு செய்துகொள்ள அதை இன்னொரு முறை சொல்ல முடியுமா என்று கேட்டேன். அவர் முகம் மாறியது.

“யார் அனுப்புனது உங்கள? மாமனார் நெலத்துல கேஸ் நடக்குது. நான் பேசுறத ரெகார்ட் பண்ண அவன் ஆள் வெச்சிருக்கான். போன காட்டுங்க.”

காட்டினேன். புகைப்படங்கள் வரை தள்ளிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். “அவன் எனக்கு ஒண்ணும் இல்ல, சார். கடக்காரன், அவ்ளோதான்.”

இளநீர் குடிக்கப் போனேன். கடைக்காரர் முருகேசன் அரிவாளைக் கையில் எடுக்கவே இல்லை.

“அவன்கிட்ட இவ்ளோ நேரம் இன்னா பேசினீங்க?”

அகராதியைப் பற்றிச் சொன்னேன். நம்பவில்லை. அந்தச் சொல்லைச் சொன்னதும் நிமிர்ந்தார்.

“கோ-பிரதர்னா சொன்னான்? கேஸ் போட்டதுலேர்ந்து என் பேரையே சொல்றதில்ல அவன். முழுசா இன்னா சொன்னான்?”

“உங்களைக் காட்டி, கோ-பிரதர் என்று சொன்னார்” என்றேன். முன்பாதியைச் சொல்லவில்லை.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஓர் இளநீரைச் சீவி நீட்டிவிட்டு, “ரெகார்ட் போடுங்க. பேரு வேணாம்” என்றார். கோட்டை வாசலைப் பார்த்தபடி, தாழ்ந்த குரலில், “ஹீ இஸ் மை கோ-பிரதர்” என்றார். “இத அவன்கிட்ட போட்டுக் காட்டிடாதீங்க.”

மூன்று மணி பஸ்ஸில் திரும்பினேன். வேளச்சேரியில் எனக்கும் ஒரு சகலை உண்டு. எங்களுக்குள் வழக்கு எதுவும் இல்லை, பேச்சும் அதிகம் இல்லை. திண்டிவனம் வருவதற்குள் அவரை அழைத்தேன்.

எடுத்ததும் கேட்டார்: “சொல்லுங்க, இன்னிக்கு என்ன திடீர்னு?”

“சும்மாதான்” என்றேன்.

“சும்மாவா?” என்றார்.