நூற்றில் எழுபது பேர் வந்த பக்கம்

நிந்தவூர்ப் பதியுதீனுக்கு ஓரிடத்தில் உட்கார வராது. தோஹாவில் பத்தொன்பது வருடம் களஞ்சியக் காப்பாளராக இருந்தவர். ஊருக்கு வந்த பிறகும் காலையில் மூன்று தரமாவது கேற்றைத் திறந்து தெருவைப் பார்ப்பார். மகள் அப்னாவுக்கு நிக்காஹ் பேசியாயிற்று. பெண்ணுக்கு வீடு கொடுப்பது இந்தப் பக்கத்து வழமை. சுவர்கள் எழும்பிவிட்டன. கொங்கிறீற் கூரைக்கு வைத்திருந்த பதினாறு இலட்சம் போதாது.

அந்த நேரம்தான் கல்முனை நிரோசன் கனடாவுக்குப் போவதற்காகத் தன் இணையத்தளத்தை விற்கிறான் என்று கேள்விப்பட்டார். அலைச்சறுக்க அறுகம்பேக் கடற்கரைக்கு வரும் வெள்ளைக்காரர்கள் வாசிக்கிற தளம். அலை எப்போது எழும்பும், எங்கே தங்கலாம் என்றெல்லாம் அதில் இருக்கும். ஒன்பது வருடப் பழசு. விளம்பரத்தால் மாதாமாதம் பணம் வரும். நிக்காஹுக்கு இரண்டு வருடம் இருக்கிறது, அதற்குள் முதலும் திரும்பும், கூரையும் ஏறும் என்று கணக்குப் போட்டார்.

வயல் வாங்குகிறவர் மாதிரியே விசாரித்தார். போன போகம் எவ்வளவு, முந்தின போகம் எவ்வளவு, வில்லங்கம் உண்டா? நிரோசன் மடிக்கணினியைத் திருப்பி எல்லாவற்றையும் காட்டினான். பதியுதீன் மொத்தத்தை மட்டும் பார்த்தார். வயலென்றால் வரம்பில் நடந்து எந்தத் துண்டு விளைகிறது, எது உவர் என்று பார்த்திருப்பார். இதில் நடக்க வரம்பில்லை என்று நினைத்துவிட்டார்.

"கூரைக் காசில கண்ணுக்குத் தெரியாத காணி வாங்குறீங்க. உறுதிப் பத்திரம் எங்க?" என்றாள் மனைவி ஜெஸீமா.

"பாஸ்வேர்ட்தான் புள்ள உறுதி."

வாங்கியபின் பள்ளிவாசல் ஹவுள் தொட்டியில் தொழுகைக்குக் கைகால் கழுவி வுளூச் செய்யப் போனாலும் போனைப் பார்த்தார். எத்தனை பேர் வந்திருக்கிறார்கள்? இப்போது எத்தனை?

இரண்டாம் வாரம் அப்னா அந்தப் போனை வாங்கிப் பார்த்தாள்.

"வாப்பா, வாற நூறு பேர்ல எழுபது பேர் ஒரே பக்கத்துக்குத்தான் வாறாங்க."

"எந்தப் பக்கம் மகள்?"

அவள் போனை நீட்டினாள். அறுகம்பேயில் குளிர்ந்த பியர் எங்கே கிடைக்கும், எத்தனை மணிவரை கிடைக்கும் என்ற பக்கம்.

உடனே நிரோசனுக்குப் போன் எடுத்தார். "என்ன தம்பி, சாராயக் கடையையா என்ட தலையில கட்டின?"

"எல்லாம் திறந்து காட்டினன்தானே காக்கா. நீங்க கேப்பீங்க எண்டு நான் பயந்துதான் இருந்தன். நீங்க கேக்கல்ல."

மௌலவியிடம் கேட்கப் பள்ளி வாசல்வரை போய்த் திரும்பினார். பதில் தெரியும். கேட்காதவரைக்கும்தான் அந்த மாதக் காசு அவருடையது.

"வித்திருவமா?" என்றார் வீட்டில்.

"வாங்கிறவனுக்கு என்ன சொல்லி விப்பீங்க? பியர் நல்லாப் போகும் எண்டா?" என்றாள் ஜெஸீமா.

"எனக்கு அந்தக் காசுல கூரை வேணாம் வாப்பா."

"உனக்கு வேணாம். மாப்பிள்ளட உம்மாக்கு நான் என்ன சொல்ற?" என்றார் பதியுதீன்.

"தகரக் கூரை எண்டு சொல்லுங்க," என்றாள் அப்னா.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் அந்தப் பக்கத்தை அழித்தார். ஒரு மாதத்தில் வருகை மூன்றிலொன்றாக விழுந்தது.

சாய்ந்தமருதில் சம்பந்தி வீட்டுக்குப் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். மாப்பிள்ளையின் உம்மா வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"அழிச்சது நல்லம். ஆனா தகரம் வெயிலுக்கு வேகுமே?"

"ஓம், வேகும்."

"அப்ப சீலிங் அடிச்சுத் தாங்க."

தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார். சீலிங்குக்கும் அந்தத் தளம்தான் விளைய வேண்டும். மறுநாள், அறுகம்பேக்கு வருகிறவர்களுக்கு வேறு என்ன வேண்டும் என்று பார்க்க, அக்கரைப்பற்றில் அந்தப் பக்கம் போகும் பொத்துவில் பஸ் ஏறினார். பக்கத்து இருக்கையில் முதுகுப்பையோடு ஒரு வெள்ளைக்காரி. இங்கே வருமுன் இணையத்தில் என்ன தேடினீர்கள் என்று தோஹா ஆங்கிலத்தில் கேட்டார்.

அவள் யோசிக்கவேயில்லை. வழியில் சுத்தமான கழிப்பறை எங்கே இருக்கிறது என்று தேடினாளாம். கிடைக்கவில்லையாம்.

பதியுதீன் அடுத்த தரிப்பிலேயே இறங்கி, முன்னால் தெரிந்த சாப்பாட்டுக் கடையின் பெயரைப் போனில் குறித்துக்கொண்டு உள்ளே நுழைந்து, கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டார்.