டச்சில் பழுது

பேய் நடுராத்திரியில்தான் வரும் என்று நினைப்பவர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை. எனக்கு நேர்ந்தது பட்டப்பகலில். போன ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை. காலை 11.20-க்குத் தொடங்கி 12.52-க்கு முடிந்தது. ஒரு நிமிடம்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. நம்பாதவர்கள் கடைக்கு வந்தால் அந்த லேப்டாப்பைக் காட்டுகிறேன்.

என் பெயர் கதிர்வேல். சிதம்பரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பழைய லேப்டாப் வாங்கி விற்கும் கடை வைத்திருக்கிறேன். கையில் எடுத்ததுமே குறையைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. குறை சொல்லத் தெரிந்தால்தான் இந்தத் தொழிலில் நாலு காசு பார்க்க முடியும்.

அன்று வந்தவர் செம்மங்குப்பம் லூர்துசாமி. அவர் கொண்டுவந்தது, இரண்டு வருடத்துக்கு முன் அவர் மகள் சிந்துஜா என்னிடமே வாங்கிய லேப்டாப். திரையைப் பின்பக்கமாக முழுதும் மடித்தால் சிலேட்டுபோல ஆகிவிடும், விரலாலேயே படம் வரையலாம். "அண்ணா, இன்னும் ஐந்நூறு கொறைங்கண்ணா" என்று ஒரு மணி நேரம் வாயாடி வாங்கிப்போன பெண் அவள்.

"திங்கக்கெழம காலேஜுக்குப் போனவ இன்னும் வூட்டுக்கு வரல தம்பி," என்றார். "போலீஸ்ல இதுல எல்லாம் தேடிப் பாத்துட்டாங்க. எங்க போனான்னு ஒண்ணும் இல்ல. அவ வரைஞ்சதெல்லாம் சிநேகிதி காப்பி எடுத்து வெச்சிருக்கா. எவ்ளோ தேறும்? போஸ்டர் அடிக்கணும், வண்டி வெச்சித் தேடணும்."

அந்த வாயாடிப் பெண் கண்முன் வந்தாள். ஆனாலும் என் கை திரையின் கீலை ஆட்டிப் பார்த்தது. இடப்பக்கம் லொடலொடவென்றிருந்தது.

"ஏழாயிரம் வரும்யா. செக் பண்ணிட்டு சொல்றேன்."

"அச்சாபீஸ் போயிட்டு ஒரு மணிக்கு வரேன்," என்று கிளம்பினார்.

அன்று மாதாந்திர மின்தடை. கடையில் மின்விசிறிச் சத்தம்கூட இல்லை. லேப்டாப் பாட்டரியில் 9 சதவீதம்தான் இருந்தது. பழைய பாட்டரி, பத்து நிமிடம் தாங்கினால் அதிகம் என்று கணக்குப் போட்டேன். தொடுதிரையின் டச்சைச் சோதிக்க, படம் வரையும் பெயின்ட்டைத் திறந்து திரை முழுக்க விரலால் கோடு இழுத்தேன். எங்கும் விடுபடவில்லை. அழித்துவிட்டு டீ குடிக்கத் திரும்பினேன்.

டக்... டக்...

கண்ணாடியில் நகம் படுகிற சத்தம். மணி 11.20.

திரையில் ஒரு கட்டம் இருந்தது. நான் போட்டதில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கட்டத்தின் ஒரு பக்கத்திலிருந்து உள்நோக்கி நாலு கோடுகள் நீண்டன. எதிர் மூலையில் விரித்த விசிறிபோல் ஒன்று. கீழே சின்னதாக மூன்று கோடுகள்.

டச் பழுதானால் கோடுகள் தானாக விழும். அப்படி எத்தனையோ பார்த்திருக்கிறேன். அழித்தேன்.

11.41. மறுபடி அதே கட்டம். அதே நாலு கோடு. விசிறி. கீழே மூன்று.

பழுதில் விழும் கோடு கன்னாபின்னாவென்று விழும். ஒரே படத்தை இரண்டு முறை வரையாது.

அழித்தேன். 12.10-க்கு மீண்டும் வந்தது. இந்த முறை கோடுகள் நடுங்கின...

பாட்டரியைப் பார்த்தேன். இன்னும் 9 சதவீதம்.

திரை ஈரமாக இருந்தது. துடைத்தேன். உப்புத்தண்ணீர் வாடை. மறுபடி ஈரம்.

12.38. செட்டிங்கில் போய் டச்சையே அணைத்தேன். விரலை வைத்துத் தேய்த்தேன். ஒன்றும் விழவில்லை. அப்பாடா என்றிருந்தது.

டக்...

கட்டம் வந்தது.

யாரையாவது கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. பென்டிரைவைச் செருகி ஃபார்மேட் போட்டேன்.

12.52. திரை இருண்டது.

சத்தம் நின்றது.

ஒரு மணிக்கு லூர்துசாமி வந்தார். "டச் போயிருக்குய்யா. ஐயாயிரத்து ஐந்நூறுதான் தர முடியும்."

"போன வாரம்கூட வரைஞ்சாளே..." என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார். "உள்ள ஏதாச்சும் இருந்துதா தம்பி?"

"ஒண்ணுமில்லய்யா."

ஞாயிற்றுக்கிழமை சிந்துஜாவை எடுத்தார்கள். கிள்ளை பக்கம் மூடிக்கிடந்த ஓர் இறால் பண்ணை. பறவைகளை வரையப் போனவள், மேல்மூடி உடைந்து நிலத்தடித் தொட்டிக்குள் விழுந்திருக்கிறாள். கடலூர் ஆஸ்பத்திரிக்கு நானும் போயிருந்தேன். அங்கே, தொட்டிக்குள் இறங்கிய தீயணைப்பு வீரர் தன் போனில் எடுத்த படத்தை எல்லாருக்கும் காட்டினார். உள்ளேயிருந்து மேலே பார்த்து எடுத்தது.

சதுரமான வாய். ஒரு பக்கம் இடிந்த சிலாபிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த நாலு கம்பிகள். எதிர் மூலையில், வானத்தில், ஒரு பனைமரத்தின் தலை.

கீழே இருந்த மூன்று கோடுகள் என்னவென்று அப்போதுதான் புரிந்தது. திங்கள், செவ்வாய், புதன். மூன்று இரவுகள்.

செத்தவள் வந்து வரைந்தாள் என்றால்கூட மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். பிரேதப் பரிசோதனையில் சொன்னார்கள், உயிர் போனது வெள்ளிக்கிழமை இரவு என்று.

நான் அழித்தது வியாழன் பகல் 12.52-க்கு.

அந்த லேப்டாப்பை நான் விற்கவில்லை. டச்சைத் திரும்பச் சோதித்தேன், ஒரு பழுதும் இல்லை. தினமும் 11.20-க்குப் பெயின்ட்டைத் திறந்து வைத்து உட்காருகிறேன். இன்றுவரை ஒரு கோடுகூட விழவில்லை.