காக்கைக்குக் கிடைத்த மாத்திரை

எங்கள் வீட்டில் முதல் ஈடு இட்லி எப்போதும் அக்காவுக்குத்தான். அப்பாவுக்கு மாற்றலாகி நாங்கள் கொல்கத்தா வந்த வருடமே அவளுக்கு லூபஸ் என்று சொல்லிவிட்டார்கள். நோயோடு சண்டை போடவேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டு, தோல், சிறுநீரகம் என்று சொந்த உடம்பைத் தாக்குமாம். மருந்து வருடக்கணக்கில் தொடருமாம். ஸ்டீராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடக் கூடாது. அதனால் ஆவி பறக்கும் இட்லி அவளுக்கு, ஆறியது எனக்கு. வெயில் படக் கூடாதென்று அவளுக்கு மட்டும் புதுக் குடை. ஏழு வயதான எனக்கு வயிறு எரிந்தது.

போதாக்குறைக்கு மருந்தால் அவள் கன்னம் உப்பி முகம் வட்டமானது. சால்ட் லேக் குடியிருப்பில் நாங்கள் காக்கிமா என்று கூப்பிடும் எதிர்வீட்டு வங்காளி மாமி அவளைக் கண்டாலே கன்னத்தைக் கிள்ளி ரசகுல்லா என்று கொஞ்சுவார். என் ஒட்டிய கன்னத்தை எவரும் சீண்டவில்லை. அந்த மாத்திரை எனக்கும் கிடைக்கட்டும், ஒரு கை பார்த்துவிடலாம் என்றிருந்தேன்.

சாப்பிடுமுன் காக்கைக்கு வைப்பது அம்மாவின் வழக்கம். துர்கா பூஜை நெருங்கியபோது அந்த வேலையை அக்கா தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டாள். வெயிலுக்குப் பயந்து பால்கனிப் பக்கமே போகாதவள்! பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தேன். இட்லித் துண்டுக்குள் மாத்திரையை அழுத்திக் கைப்பிடிச் சுவரில் வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே சமையலறைக்கு ஓடினேன்.

"அம்மா, அக்கா காக்காவுக்கெல்லாம் மாத்திரை குடுக்கறா. எனக்கு மட்டும் ஒண்ணுகூடத் தர மாட்டேங்கறா!"

அம்மா கரண்டியைப் போட்டுவிட்டுப் பால்கனிக்கு ஓடினாள். "எத்தனை நாளாடி இப்படிப் பண்றே?"

அக்கா அழுதுவிட்டாள். "ஸ்கூல்ல எல்லாரும் லூச்சின்னு கூப்பிடறாங்கம்மா. பூரி மாதிரி உப்பியிருக்கேனாம். இந்த மூஞ்சியோட பூஜையில எப்படி மேடை ஏறி ஆடறது?"

நல்ல திட்டு விழும் என்று ஆவலோடு நின்றேன். அம்மாவோ அவளைக் கட்டிக்கொண்டாள். உடனே டாக்ஸி பிடித்து மருத்துவமனைக்குப் போனோம். இந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, நல்லவேளையாக இப்போதாவது தெரிந்ததே என்று டாக்டர் சொன்னார். சொல்லிவிட்டு என் தலையைத் தடவினார். எனக்கு அது போதவில்லை.

திரும்பும்போது அக்கா அம்மாவின் மடியில் படுத்துக்கொண்டாள். எனக்குக் கிடைத்தது அம்மாவின் ஒரு கை மட்டும். அதுவும் வலிக்கிற அளவுக்கு என் கையை இறுக்கிப் பிடித்திருந்தது. அவளுக்கு முழு மடி, எனக்கு ஒரு கைதானா என்று வழியெல்லாம் உர்ரென்று வந்தேன். அந்தக் கை ஏன் வீடு வந்த பிறகும் என்னை விடவே இல்லை என்று எனக்குத் தெரியவில்லை.