நாற்பது பேராக இருந்தவன்

எங்கள் அலுவலகத்தில் அவனைக் 'கூட்டம்' என்றுதான் கூப்பிடுவோம். ஆள் ஒருவன்தான், இணையத்தில் நாற்பது பேர். ஓய்வுபெற்ற தபால்காரர், மூன்று பிள்ளைகளின் தாய், கோபக்கார லாரி ஓட்டுநர் என்று ஒவ்வொருவருக்கும் படம், பிறந்தநாள், மூட்டுவலி எல்லாம் கொடுத்து வளர்த்திருந்தான். அரசாங்கத்தைக் குறை சொல்பவர்களைத் திட்டுவது எங்கள் பிழைப்பு. யாரை, என்னவென்று திட்டுவது என்று காலையில் மேற்பார்வையாளர் தாள் தருவார். முதல் வரியை எழுதுவது 'கூட்டம்'தான். பக்கத்து நாற்காலியில் இருக்கும் நானும் மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டு போவோம். வீட்டில் அவன் சொல்லியிருந்தது, கம்ப்யூட்டர் வேலை.

ஒரு நாள் தாளில் அவனுடைய அக்கா இருந்தாள். செவிலியர். குழந்தைகள் வார்டில் மருந்தில்லை என்று வீடியோ போட்டிருந்தாள். மருந்தைத் திருடி விற்றவள் என்று எழுதச் சொன்னது தாள். அவள் தன் அக்கா என்று அவன் எங்களிடம் மூச்சு விடவில்லை. அவள் வேலையைக் காப்பாற்ற, யாரும் நம்பாத பொய்யாகப் பார்த்து எழுதினான்: 'இவள் செவிலியரே இல்லை, நடிகை.' இருபது வருடம் ஊசி போட்டவளை யார் நடிகை என்பார்கள்?

எல்லோரும் சொன்னார்கள். மதியத்துக்குள் ஊரே சிரித்தது. "பின்னிட்டப்பா!" என்று மேற்பார்வையாளர் அவன் முதுகில் தட்டினார். மறுநாள் மருத்துவமனையே, அப்படி ஒருவர் எங்களிடம் வேலை பார்க்கவில்லை என்று அறிக்கை விட்டது.

அன்று அவன் தன் சொந்தக் கணக்கைத் திறந்தான். படமில்லை, நண்பர்களில்லை, வருடக்கணக்காகத் தொடாதது. 'இவர் என் அக்கா. செவிலியர்தான்' என்று எழுதினான். ஐந்தே நிமிடத்தில் அதன் கீழே 'காசு வாங்கின போலிக் கணக்கு' என்று ஒருவன் எழுதினான். அந்த ஒருவன் நான்தான். பெயரைக்கூடப் பார்க்கவில்லை. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அவன் போன் அடித்தது. அக்காவின் குரல் எனக்கே கேட்டது.

"டேய் தம்பி, உன் பேர்லயே எவனோ போலிக் கணக்கு வெச்சு, அக்கா அக்கான்னு எழுதுறான்டா. எவ்ளோ கேவலமானவனுங்க பாரு! நான் பிளாக் பண்ணிட்டேன். நீ ஜாக்கிரதையா இருடா."

"சரிக்கா," என்றான்.