முந்திக் கொடுத்த நேர்த்தி

எங்கள் சபையில் வெளிநாட்டு ஊழியப் பயணம் என்றால் பாதிப் பேருக்கு அது பாஸ்போர்ட்டில் முதல் முத்திரை விழுகிற சந்தோஷம். எனக்கும்தான். இலங்கையில் போர் முடிந்து சனங்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்த காலம். ராமேஸ்வரத்தில் நின்றால் எட்டிப் பார்க்கிற தூரத்தில் இருக்கும் மன்னாருக்கு, சென்னைக்குப் போய் விமானம் ஏறி, கொழும்பில் இறங்கி, நாள் முழுக்க வேனில் குலுங்கி வந்து சேர்ந்தோம்.

நானாட்டான் என்ற ஊரைத் தாண்டி ஒரு வயல் கிராமம். தகரக் கூரை, தார்ப்பாய்ச் சுவர். ஒரு வாரம் பிள்ளைகளுக்குப் பாட்டு, கதை, விளையாட்டு என்று ஏற்பாடு. 'சிறுவர் முகாம்' என்று பேனர் அடித்துக்கொண்டு போயிருந்தோம். கம்பி வேலி போட்ட முகாமில் கிடந்துவிட்டு அப்போதுதான் வெளியே வந்த பிள்ளைகளுக்கு! ஊர்க்காரர் ஒருவர் அதை அவிழ்த்துச் சுருட்டி எங்கள் கையில் தந்தார். எங்களுக்கு அவ்வளவுதான் விவரம்.

அந்தச் சிறுமிக்கு ஒன்பது வயது இருக்கும். இடுப்பைத் தொடுகிற முடி. காலையில் வந்ததும் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவாள், நான் பின்னிவிட வேண்டும். பின்னி முடிக்கிற வரைக்கும் வாய் ஓயாது. அப்பா தடுப்பில், ராணுவக் காவலில், இருக்கிறார் என்றாள். சண்டை முடிந்தபோது படையினர் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். எந்தத் தடுப்பு என்று தாய்க்கே தெரியவில்லை. உயிரோடு இருக்கிறாரா என்பதும் தெரியாது. அதை அவள் சொல்லவில்லை, நானாகத்தான் புரிந்துகொண்டேன்.

கேட்டால் கிடைக்கும் என்பதுதான் அந்த வாரத்துப் பாடம். கையை விரி, கண்ணை மூடு, கேள் என்று அபிநயத்தோடு ஒரு பாட்டு வேறு. பென்சில் பெட்டி கேட்டு ஜெபித்த பையனின் கதையை எங்களோடு வந்த பாஸ்டர் சொன்னார். பிள்ளைகளின் ஆசை பென்சில் பெட்டியோடு நின்றுவிடும் என்று நினைத்தார் போலும்.

அன்று பின்னிக்கொண்டிருக்கும்போது, "அக்கா, உங்கட சாமிக்கு என்ன நேர்த்தி வைக்கிறது?" என்று கேட்டாள். எங்களுக்கு நேர்த்தி எல்லாம் கிடையாது, கேட்டால் போதும் என்றேன். அவள் நம்பவில்லை. அவர்கள் சைவக் குடும்பம். ஆனால் அந்தப் பக்கத்தில் அம்மன் கோயில், மடு மாதா கோயில் என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. வேண்டியதை நேர்ந்துவிட்டுக் காத்திருப்பார்கள். காரியம் நடந்தால் போய் முடி இறக்கிக் கடனைத் தீர்ப்பார்கள். சும்மா தருகிற சாமியை அங்கே எந்தப் பிள்ளை நம்பும்?

கடைசி நாள் அவள் பிந்தி வந்தாள். தாயும் கூட வந்திருந்தாள். எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. தலையை மழித்துச் சந்தனம் பூசியிருந்தது. கையிலிருந்த பிளாஸ்டிக் பையை என்னிடம் நீட்டினாள். உள்ளே முடி. முந்தின நாள் நான் பின்னிக் கட்டிவிட்ட ரிப்பன் கூட அவிழாமல் அப்படியே இருந்தது.

தாய் விடியற்காலையிலேயே கூலி வேலைக்குப் போய்விட்டாளாம். அந்த நேரம் பார்த்து, அம்மா சொன்னதாகச் சொல்லி மாமனை மழிக்க வைத்திருக்கிறாள் சிறுமி. கேள்விப்பட்டுத் தாய் பாதி வேலையில் ஓடி வந்திருக்கிறாள்.

"காரியம் முடிஞ்ச பிறகுதானே ரீச்சர் நேர்த்தி தீர்க்கிறது. இவள் முன்னுக்கே குடுத்திட்டாள்" என்றாள் தாய். கோபித்துக்கொள்ளக்கூட அவளிடம் தெம்பு இல்லை.

ஏனம்மா இப்படிச் செய்தாய் என்று சிறுமியைக் கேட்டேன்.

"நாளைக்கு நீங்கள் போயிடுவியள் தானே அக்கா. பிறகு ஆரிட்டக் குடுக்கிறது?"

எங்கள் சாமி எங்களோடு விமானத்தில் வந்தவர், எங்களோடே திரும்பிவிடுவார் என்று அவள் கணக்குப் போட்டிருக்கிறாள். அவளைக் குறை சொல்ல முடியுமா? நோட்டுக் கொப்பி கொடுக்க வந்தவர்கள், பால்மா டின் கொடுக்க வந்தவர்கள், படம் எடுக்க வந்தவர்கள் எல்லாரும் போனதைத்தானே அவள் பார்த்திருக்கிறாள். அவர் போகமாட்டார், இங்கேயேதான் இருப்பார் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதைத்தானே சொல்ல வந்தோம்.

பாஸ்டர் என்னைத் தள்ளிக் கூப்பிட்டு, இது நம் வழக்கம் இல்லை, பக்குவமாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடு என்றார். நல்ல மனிதர்தான். ஆனாலும் அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. அதற்குள் தாய் பக்கத்தில் வந்துவிட்டாள்.

"வேண்டாமெண்டு சொல்லிப்போடாதேங்கோ ரீச்சர். சாமி ஏற்கேல்லை எண்டு நினைப்பாள்" என்றாள் மெதுவாக.

பையை வாங்கிக்கொண்டேன். சிறுமியின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

முடிவு ஜெபத்துக்கு எல்லாரையும் வரிசையாக நிறுத்தினார்கள். பிள்ளைகள் கையை விரித்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்கள். பாஸ்டர் உருக்கமாக ஜெபித்தார். என்னால் கண்ணை மூட முடியவில்லை. இன்னொருத்தியும் மூடவில்லை. சந்தனம் காய்ந்த தலையோடு, எட்டி எட்டி அவள் பேருந்து வருகிற பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொடுத்தாயிற்று. இனி அப்பா வந்து இறங்க வேண்டியதுதான் பாக்கி.