காய்ச்சலைத் தேடிப் போன சர்க்கரை

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு ஒன்பது வயதில் அம்மாவுக்கு வந்த காய்ச்சல் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. காரைக்குடியில் எங்கள் பலகார அடுப்பு நாற்பது நாள் அணைந்து கிடந்தது. காய்ச்சல் சாயங்காலம் தவறாமல் வரும், போர்வையை நனைத்துவிட்டு விடியலில் போகும். ரத்தம், சளி எல்லாம் சோதித்தாயிற்று. காரணம் மட்டும் அகப்படவில்லை. பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு நோயின் பெயரை வைத்துவிட்டுப் போனார்கள். ஒருவர் அப்பாவிடம் புற்றாக இருக்குமோ என்று கிசுகிசுத்தது என் காதிலும் விழுந்தது. அதன்பிறகு அம்மாவின் முந்தானையை நான் விடவே இல்லை.

மதுரைக்குப் போய் பெட் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். கதிர்வீச்சு மருந்து சேர்ந்த சர்க்கரையை ஊசியில் ஏற்றுவார்களாம். கோளாறு இருக்கும் இடத்தில் அது போய்க் கூடி, படத்தில் ஒளிருமாம்.

"எறும்பு சர்க்கரையத் தேடிப் போகும். இங்க சர்க்கரை எறும்பத் தேடிப் போகுதாக்கும்!" என்றாள் அம்மா, அந்த நடுக்கத்திலும்.

"ஊசி போட்டப்பறம் ஒரு மணி நேரம் அசையக் கூடாது, பேசவும் கூடாதும்மா" என்றார் நர்ஸ்.

அப்பா சிரித்துவிட்டார். "பேசாம இருக்கணும்னா அதுக்குத் தனியா ஒரு ஊசி போடுங்க."

உடம்பில் கதிர்வீச்சு இருக்கும், சின்னப் பிள்ளைகள் சாயங்காலம் வரை அவள் பக்கத்தில் போகக் கூடாது என்று என்னை வெளியே நிறுத்திவிட்டார்கள். சாத்திய கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் டாக்டர் திரையில் படத்தைக் காட்டினார். இருட்டுக்குள் அம்மா, எலும்பும் குடலுமாக, உள்ளே யாரோ விளக்கேற்றி வைத்ததுபோல மிதந்தாள். தலை முழுக்க ஒளி. நான் விசும்பினேன்.

"மூளை எல்லாருக்கும் அப்படித்தான் எரியும், அது சர்க்கரை தின்னி" என்றார் டாக்டர். பிறகு நெஞ்சுக்குள், முதுகெலும்பை ஒட்டி, மொச்சையளவு இருந்த ஒரு வெளிச்சத்தில் விரல் வைத்தார். "காய்ச்சல் இங்க ஒளிஞ்சிருக்கு."

நாற்பது நாளாகத் தேடியது அத்தனூண்டு இடத்தில் இருந்தது! பிற்பாடு அங்கே ஊசி விட்டுத் துளி சதை எடுத்துப் பார்த்ததில் புற்று இல்லை, காசநோய்க் கட்டி என்று தெரிந்தது. மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டு அம்மா எழுந்துவிட்டாள்.

ஆனால் அன்று அந்தத் திரையில் தொண்டையிலும் ஒரு வெளிச்சம் இருந்தது. அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"இது நோயில்ல, பேசினா தொண்டைத் தசையும் சர்க்கரையத் தின்னும்" என்ற டாக்டர், அம்மா பக்கம் திரும்பினார். "பேசினீங்களா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "சொன்னீக... வாய் கேக்கலையே."

நர்ஸ்தான் போட்டு உடைத்தார். "வெளிய பாப்பா இட்லியத் தொடலைன்னு தெரியாம சொல்லிட்டேன் டாக்டர். அப்ப ஆரம்பிச்சவுகதான். புள்ள சாப்பிட்டாளா, புள்ள சாப்பிட்டாளான்னு ஒரே கேள்வி!"

எங்கம்மா வாயாடுவது படத்திலேயே விழுந்துவிட்டது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். அந்தக் கழுத்தில் எரிந்தது என் பசி என்று அப்போது எனக்குப் புரியவில்லை.